கண்ணைப் படித்த கம்ப்யூட்டர்: பரமத்தி வேலூரிலிருந்து ஒரு சின்ன வரலாறு

1/
இது கொஞ்சம் நீளமான இழை. டீ டம்ளரோட உட்காருங்க. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் தயவு செய்து கடைசி வரை படிச்சுடுங்க.

2/
போன மாதம் ஓபி முடிகிற நேரம். எங்க ஊர்க் காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஐயா ஒருவர், மாத்திரை வாங்க வந்தார். சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம். கூடவே மகன், பொறியியல் கடைசி வருடம்.

(அனுமதி வாங்கி, அடையாளத்தை மாற்றி எழுதுகிறேன்.)

மாத்திரை எழுதிக்கொண்டிருக்கும்போது பையன் கேட்டான்:

"சார், மெடிக்கல் ஃபீல்டுல ஒரு ஏஐ ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். என்ன தொந்தரவுன்னு டைப் பண்ணா போதும், எந்த நோயா இருந்தாலும் அதுவே சொல்லிடும். ஐடியா எப்படிங்க சார்?"

3/
பதில் சொல்வதற்கு முன்னால் அப்பாவிடம் திரும்பினேன்.

"ஐயா, விழித்திரை டெஸ்ட் கடைசியா எப்ப பண்ணீங்க?"

"கண்ணு நல்லாத்தானுங்க சார் தெரியுது. வெத்தலை தரம் பிரிக்கிறதே இன்னும் நான்தானுங்க."

பதினோரு வருடத்தில் ஒரு முறைகூட பார்த்ததில்லை.

"தம்பி, உன் கேள்விக்கும் உங்கப்பா சொன்ன பதிலுக்கும் ஒரே வரலாறுதான் இருக்கு. உட்காரு" என்றேன். அவனிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

4/
முதலில் நோய்.

நம் கண்ணுக்குள் பின்பக்கச் சுவரில் இருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அதில் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. வருடக்கணக்கில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால் இந்தக் குழாய்கள் பலவீனமாகி அங்கங்கே சின்னக் கொப்புளம் போல வீங்கும். கசியும். அடைபடும். பிறகு புதிதாக, ஒழுங்கில்லாத குழாய்கள் முளைத்து உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டும்.

இதில் மோசமான விஷயம், ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. வலி இருக்காது. பார்வையும் நன்றாகத்தான் இருக்கும். மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும்போது பல பேருக்கு நேரம் கடந்திருக்கும்.

5/
விழித்திரையை நேரில் பார்க்கும் கருவியை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-லேயே உலகத்துக்கு அறிவித்துவிட்டார். சரியான நேரத்தில் லேசர் வைத்தால் கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கலாம் என்று 1976-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. இன்று கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் இருக்கின்றன.

பார்க்கக் கருவி இருக்கு. வைத்தியமும் இருக்கு. பின்னே ஏன் பார்வை போகுது?

6/
ஏனென்றால் பார்க்க ஆள் போதவில்லை.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். எல்லோருக்கும் வருடம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை வேண்டும். ஒருவருக்கு இரண்டு கண்கள். கணக்குப் போட்டுப் பாருங்க, வருடத்துக்கு இருபது கோடி விழித்திரைகள்! அத்தனையையும் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்கு இந்த நாட்டில் விழித்திரை நிபுணர்கள் கிடையாது.

கம்ப்யூட்டர் நுழைந்த வாசல் இதுதான்.

7/
ஆனால் மருத்துவத்துக்குள் கம்ப்யூட்டரின் ஆரம்பகால முயற்சிகளில் பெயர் பெற்ற ஒன்று கண்ணில் நடக்கவில்லை. அது 1970-களில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில். பெயர் மைசின். உருவாக்கியவர் எட்வர்ட் ஷார்ட்லிஃப். ரத்தத்தில் கிருமித் தொற்று, மூளைக்காய்ச்சல் போன்றவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று சொல்லும் நிரல்.

அதற்குள் இருந்தது விதிகள். "இது இப்படி இருந்து, அதுவும் அப்படி இருந்தால், இந்தக் கிருமியாக இருக்கலாம்" என்கிற மாதிரி சில நூறு விதிகள். நிபுணர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை.

8/
1979-ல் ஒரு சோதனை நடந்தது. பத்து மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரங்கள். மைசினும் பரிந்துரை எழுதியது, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்களும் எழுதினார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் வெளி நிபுணர்கள் எட்டு பேர் மதிப்பிட்டார்கள்.

ஏற்கத்தக்கது என்று மைசினுக்குக் கிடைத்தது 65 சதவிகிதம். பேராசிரியர்களுக்கு 42.5 முதல் 62.5 வரை!

ஜெயித்தாச்சு. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? மைசின் எந்த வார்டிலும் வழக்கமான வேலைக்கு வரவே இல்லை.

வார்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு நோயாளிக்கு அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் டாக்டர் உட்கார்ந்து பதில் டைப் செய்ய வேண்டும். தப்பாகிவிட்டால் யார் பொறுப்பு என்பதற்கும் பதில் இல்லை. பரீட்சையில் முதல் மார்க், வேலைக்கு மட்டும் ஆகவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

9/
அதே 1970-களில், 1976-ல், மதுரையில் வேறொரு கதை ஆரம்பித்தது. இதில் கம்ப்யூட்டரே கிடையாது.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர், விவசாயக் குடும்பம். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கண் அறுவை சிகிச்சை பழகி, அரசு மருத்துவராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 11 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

நானும் அரசு மருத்துவன் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் பெருமை. மன்னிக்கவும்.

10/
அரவிந்த் செய்த முக்கியமான காரியம், வேலையைப் பிரித்ததுதான். டாக்டர்தான் செய்தாக வேண்டியதை மட்டும் டாக்டர் செய்வார். மற்றதைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் செய்வார்கள். கிராமத்துப் பக்கம் சின்னச் சின்னக் கண் மையங்கள், அங்கே கண்ணைப் படம் எடுத்தால் தூரத்தில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்வார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக் குறைந்த விலையில் செய்ய 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனத்தையும் ஆரம்பித்தார்கள்.

இப்படி வருடக்கணக்கில் எடுத்த விழித்திரைப் படங்கள் குவிந்தன. ஏஐ வருவதற்கு வெகு காலம் முன்பே அதற்கான நிலத்தை உழுது வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

11/
இப்போது 2010-களுக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு விதி எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு, படங்களைக் காட்டிப் பழக்கும் முறை பலம் பெற்ற காலம்.

வித்தியாசம் என்ன? எங்க ஊர் உதாரணம் சொல்றேன். கொடிக்காலில் இளம்பயிர் இலை எது, முதிர்ந்தது எது, நோய் தாக்கியது எது என்று புதிதாக வேலைக்கு வந்தவருக்கு விதி எழுதியா கொடுக்கிறீர்கள்? இல்லையே. பக்கத்தில் உட்கார வைத்து, "இது நல்லது, இதைத் தள்ளு" என்று கவுளி கவுளியாகக் காட்டுகிறோம். ஆயிரக்கணக்கில் பார்த்த பிறகு கை தானாகப் பிரிக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் சரியாக இருக்கும்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான் பழகியது. இலைக்குப் பதில் விழித்திரை.

12/
2015-ல் காகிள் என்ற தளத்தில் ஒரு போட்டி. சுமார் 35,000 விழித்திரைப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் நோயின் நிலை 0 முதல் 4 வரை குறித்திருக்கும். அதைப் பார்த்துப் பழகி, புதுப் படங்களுக்குக் கம்ப்யூட்டர் சரியாகக் குறிக்க வேண்டும். ஜெயித்தவர் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென் கிரஹாம். அவர் கண் மருத்துவரே இல்லை!

13/
அடுத்த வருடம், 2016 நவம்பர். ஜாமா மருத்துவ இதழில் கூகுள் குழுவின் ஆய்வு வந்தது. பழக்குவதற்குப் பயன்படுத்திய படங்கள் 1,28,175. அவற்றைத் தரம் பிரித்தவர்கள் 54 கண் மருத்துவர்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை.

ஏன் அத்தனை முறை? ஒரே படத்தை இரண்டு டாக்டர்களிடம் காட்டினால் இரண்டு பதில் வரும். வெற்றிலை ஏலத்தில் ஒரே சுமையை இரண்டு வியாபாரிகள் இரண்டு விலை சொல்வதில்லையா, அந்த மாதிரி.

அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அமெரிக்காவிலிருந்தும், மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா.

நம்ம ஊர் அம்மாக்கள், அப்பாக்களின் கண்கள்தான் அந்தக் கம்ப்யூட்டரின் பாடப் புத்தகம். உலகத்தில் எங்கே இதைப் பற்றிப் பேசினாலும் இதை மறக்கக்கூடாது.

14/
2018 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்டிஏ, கண் மருத்துவர் படத்தைப் பார்க்காமலேயே முடிவு சொல்லும் ஒரு கருவிக்கு முதல் முறையாக அனுமதி கொடுத்தது. ஐடிஎக்ஸ்-டிஆர். நிறுவனத்தை ஆரம்பித்தவர் அயோவாவைச் சேர்ந்த கண் மருத்துவர் மைக்கேல் ஏப்ராமாஃப். சோதனை நடந்தது 900 பேரிடம், அதுவும் சாதாரண பொது மருத்துவ மையங்களில்.

அந்தக் கருவி சொல்வது ஒரே ஒரு விஷயம்தான். "கண் டாக்டரிடம் போங்க" அல்லது "ஒரு வருடம் கழித்து வாங்க". அவ்வளவே!

15/
அதே காலத்தில் எல்லாம் தெரிந்த ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. 2011-ல் டிவி வினாடி வினாவில் சாம்பியன்களையே தோற்கடித்த ஐபிஎம்மின் வாட்சன். அடுத்து புற்றுநோய்க்கு வைத்தியம் சொல்லப் போகிறது என்றார்கள். இந்தியாவிலும் மணிப்பால் மருத்துவமனைக் குழுமம் அதை எடுத்தது.

2018-ல் ஐபிஎம்மின் உள் ஆவணங்களை வைத்து ஸ்டாட் என்ற மருத்துவச் செய்தி நிறுவனம் எழுதியது. வாட்சனின் சில பரிந்துரைகள் தவறானவை, ஆபத்தானவை என்று நிபுணர்களே சொல்லியிருந்தார்கள். நிஜ நோயாளிகளை விட, உருவாக்கப்பட்ட கற்பனை நோயாளிகளை வைத்து அதைப் பழக்கியிருந்ததும் தெரிய வந்தது. 2022-ல் ஐபிஎம் அந்த ஆரோக்கியப் பிரிவையே விற்கும் முடிவுக்கு வந்தது.

பணம் குறைவா? இல்லை. மூளை குறைவா? அதுவும் இல்லை. புற்றுநோய் என்பது ஒரு வேலை கிடையாது, நூறு வேலை. அந்த நூறையும் ஒரே மூச்சில் செய்யப் பார்த்தார்கள்.

16/
சரி, நம்ம பக்கம் வருவோம். அதே 2018-ல் சென்னையில் டாக்டர் மோகன் சர்க்கரை நோய் மையத்தின் டாக்டர் ராஜலட்சுமி குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. பெங்களூரு ஸ்டார்ட்அப் ரெமிடியோ செய்த, செல்போனோடு இணைந்த கேமராவில் சுமார் 300 பேரின் விழித்திரையைப் படம் எடுத்து, ஐஆர்ட் என்ற ஏஐ மென்பொருளிடம் கொடுத்தார்கள். எந்த நிலையாக இருந்தாலும் நோய் இருப்பதை 95.8 சதவிகிதம் கண்டுபிடித்தது. பார்வையைப் பறிக்கும் நிலையை 99.1 சதவிகிதம்.

லட்சக்கணக்கில் விலை போகும் பெரிய மெஷின் இல்லாமல், கையடக்கமான செல்போன் கேமராவில்!

17/
ஆனால் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த பாடம் தாய்லாந்தில்.

கூகுளின் அதே கருவியை அங்கே 11 கிராமப்புற, சிறு மையங்களில் வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவை அவர்களே வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1,838 படங்களில் 393 படங்களை, அதாவது 21 சதவிகிதத்தை, "தெளிவு போதாது" என்று கருவி திருப்பிவிட்டது.

காரணம் ரொம்பச் சாதாரணம். படம் எடுக்கிற அறையை இருட்டாக்க முடியவில்லை. இன்டர்நெட் மெதுவு. ஏகப்பட்ட கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு நர்ஸ். கருவி திருப்பிவிட்டால் நோயாளி தூரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும், அதற்கு வண்டியும் இல்லை, வேலையை விட்டுப் போகவும் முடியாது.

ஓபி பார்க்கிற யாரும் இதைப் படித்தால் ஆச்சரியப்பட மாட்டார்கள். எங்களுக்கு இது தினசரி. ஆய்வகத்தில் ஜெயித்த மைசினுக்கு என்ன நடந்ததோ, நாற்பது வருடம் கழித்து அதே சுவரில் இவர்களும் முட்டிக்கொண்டார்கள். வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் அந்தச் சுவரைப் பற்றி மறைக்காமல் எழுதினார்கள்.

18/
அந்தச் சுவரை வேறு பக்கத்திலிருந்து உடைத்தவர்களும் இருக்கிறார்கள். ரெமிடியோவின் ஏஐ, இன்டர்நெட் இல்லாமல் போனுக்குள்ளேயே வேலை செய்யும்படி வந்தது. மும்பையில் மாநகராட்சி மருந்தகங்களில் சுகாதாரப் பணியாளர்களே படம் எடுத்து அதைச் சோதித்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. 213 பேரில், கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டிய ஒருவரையும் அது தவறவிடவில்லை. அப்படி அனுப்ப வேண்டியிராத நூறு பேரில் சுமார் 12 பேரை "போய்ப் பார்த்துவிடுங்க" என்று தேவையில்லாமல் அனுப்பியது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஆய்வு நடந்த இடத்தைக் கவனியுங்கள், மருந்தகம்!

19/
2024 அக்டோபரில் கூகுள் தன் கருவியை பெங்களூரு ஸ்டார்ட்அப் ஃபோரஸ் ஹெல்த்துக்கும், மதுரை ஆரோலேப்புக்கும், தாய்லாந்தின் ஒரு நிறுவனத்துக்கும் கொடுப்பதாக அறிவித்தது. பத்து வருடத்தில் 60 லட்சம் பரிசோதனைகள், நோயாளிக்குச் செலவில்லாமல் என்பது திட்டம்.

11 படுக்கையில் ஆரம்பித்த கதை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

20/
கண் மட்டும்தானா? காசநோயிலும் இதே கதைதான். 2016-ல் மும்பையில் ஆரம்பித்த க்யூர் ஏஐ, நெஞ்சு எக்ஸ்ரேயைப் படித்துக் காசநோய் சந்தேகம் இருக்கா என்று சொல்லும் மென்பொருள் செய்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனையில் இப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இங்கேயும் வேலை ஒன்றுதான். சந்தேகம் வந்தால் அடுத்து சளிப் பரிசோதனை.

21/
இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பையனிடம் மூன்று கேள்வி கேட்டேன். இதைப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் சேர்த்து:

ஒன்று. உன் கம்ப்யூட்டர் செய்யப்போகிற அந்த ஒரே வேலை என்ன? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

இரண்டு. அதை யார் கையில் கொடுக்கப் போகிறாய்? ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற நர்ஸ் அக்காவா? அவர் அறையில் கரண்ட், இன்டர்நெட், இருட்டு எல்லாம் இருக்கா என்று போய் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தாயா?

மூன்று. "நோய் இருக்கு" என்று அது சொன்ன அடுத்த நிமிடம் நோயாளி எங்கே போவார்? எப்படிப் போவார்? அன்றைய கூலி?

22/
மூன்றாவது கேள்விதான் கொல்கிற கேள்வி. கருவி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அது கொடுக்கிற சீட்டோடு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினால்தான் கண் பிழைக்கும். சீட்டு சட்டைப் பையிலேயே துவைக்கப்பட்டுக் கரைந்து போனதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகள் எதற்குப் பழக்கப்பட்டனவோ அதை மட்டும்தான் பார்க்கும். சர்க்கரை விழித்திரை நோய் இல்லை என்று சொன்னால், கண்ணில் வேறு எந்தப் பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம் கிடையாது. கண் அழுத்த நோய், புரை எல்லாம் தனிக் கணக்கு. பார்வையில் தொந்தரவு இருந்தால் கண் மருத்துவரை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

23/
பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்பாவை எங்கங்க சார் கூட்டிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த நாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு பைக்கில் நாமக்கல் கூட்டிப்போனான். என் மூன்றாவது கேள்விக்கு அன்றைக்குப் பதில் அந்த பைக்தான்.

இடது கண்ணில் கசிவு ஆரம்பித்திருந்தது. பார்வை மையத்தை இன்னும் தொடவில்லை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, சில மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஒன்றிரண்டு வருடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை.

24/
போன வாரம் மாத்திரைக்கு வந்தபோது ஐயா சொன்னார்:

"இவன் இப்ப கொடிக்காலுக்கு வந்து வெத்தலைய போட்டோ எடுத்துக்கிட்டே இருக்கானுங்க சார். எது நோவு, எது நல்லதுன்னு என்னையக் கேட்டுக் கேட்டு எழுதிக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஸ்டார்ட்அப் ஜெயிக்குமா தெரியாது. ஆனால் தரம் பிரிக்கிற நிபுணர் அவன் வீட்டிலேயே இருக்கிறார். அவர் கண்ணும் இருக்கிறது.

25/
இப்போது உங்களுக்கு:

இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால், கண்டுபிடித்த உடனேயே ஒரு விழித்திரைப் பரிசோதனை. பிறகு வருடம் ஒரு முறை. சின்ன வயதில் வரும் முதல் வகை என்றால் ஐந்து வருடத்துக்குள் ஆரம்பித்து, பிறகு வருடா வருடம். சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கர்ப்பமானால் ஆரம்ப மாதங்களிலேயே பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. "நல்லாத்தான் தெரியுது" என்பதும் பரிசோதனை ஆகாது.

செல்போனில் எடுத்தாலும் சரி, பெரிய மெஷினில் எடுத்தாலும் சரி, ஏஐ பார்த்தாலும் சரி, டாக்டர் பார்த்தாலும் சரி. யாராவது ஒருவர் அந்தத் திரையைப் பார்த்தாக வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு போன் போடுங்க. "கடைசியா விழித்திரை எப்பப் பார்த்தீங்க?" என்று கேளுங்க. பதில் வருவதற்குத் தாமதமானால், நீங்கள்தான் அந்த பைக்.



அரசு மருத்துவர்,
பரமத்தி வேலூர்